பதின்மூன்றாவது தம்ளர்

மோரில் பெருங்காயம் போடுவதா வேண்டாமா என்பதில் எங்கள் வீட்டில் இருபத்திரண்டு வருடமாக அபிப்பிராய பேதம் உண்டு. இஞ்சியும் கறிவேப்பிலையும் போதும் என்பாள் என் மனைவி ஸ்டெல்லா. அவள் நாகர்கோவில் பக்கம். சாப்பாட்டில் அடக்கம் வேண்டும் அவளுக்கு. பெருங்காயம் போட்டால்தான் வேறு எந்த வாசனையும் எழும்பாது என்பது என் கட்சி. ஏப்ரல் இருபத்து மூன்றாம் தேதி காலை நான் கலந்த மோரில் பெருங்காயம் சற்றுத் தாராளமாகவே இருந்தது. அங்கிருந்தே ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிறேன், யூசுப் சார்.

தமிழிலேயே சொல்லலாம் என்று அனுமதித்ததற்கு நன்றி. ஹைதராபாத் ஸ்டேஷனில் ஆம்பூர்க்காரர் ஒருவர் இன்ஸ்பெக்டராக வாய்ப்பது என் அதிர்ஷ்டம். என் தெலுங்கு மார்க்கெட்டுக்குப் போதும், ஹிந்தி ஆட்டோவுக்குப் போதும். ஒரு குற்றத்தை ஒழுங்காக ஒப்புக்கொள்ள இரண்டும் போதாது.

பெயர் இருதயராஜ். வயது ஐம்பத்திரண்டு. தாத்தா அரக்கோணத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு ஃபிட்டராக வந்தவர். மெட்டுகுடாவில் ஃபிட்டர் லைன் என்று ஒரு சந்து இருக்கிறது, அறுபத்திரண்டு வீடு. அதில்தான் பிறந்தேன், அதில்தான் இருக்கிறேன். அந்தச் சந்தில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. ஆறு இடத்தில் குழாய் சாக்கடைக்கு உள்ளேயே இறங்கி ஏறுகிறது. குழாய் போட்டவர்கள் எல்லாரும் ரிட்டயராகிப் போய்ச் சேர்ந்தும் விட்டார்கள், குழாய் மட்டும் இருக்கிறது. மழை வந்தால் சந்தில் வீட்டுக்கு ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பார்கள். எனக்கு ஒன்றும் ஆகாது. பெரியவர்களுக்கு அந்தத் தண்ணீர் பழகிவிடும். பழகும் வரைக்கும் பிழைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உத்தியோகம் ஹப்சிகுடாவில். அறிவியல்-கொள்கை இணைப்பு மையம் என்று பெயர். வாசல் பலகையில் ஒரு பாலம் வரைந்திருக்கும். இந்தக் கரையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் மைக்ராஸ்கோப்புடன், அந்தக் கரையில் கோப்புடன் ஓர் அதிகாரி. நடுவில் யாரும் இல்லை. அந்த நடுவில் இருப்பவன் நான். விஞ்ஞானிகள் இருநூறு பக்கம் எழுதுவார்கள், அதிகாரிகள் ஒரு பக்கத்துக்கு மேல் படிக்க மாட்டார்கள். இருநூறை ஒன்றாக்குவதுதான் என் வேலை. பதினாலு வருடத்தில் முன்னூற்றுச் சொச்சம் ஆய்வுகளை நான் ஒரு பக்கமாக்கியிருக்கிறேன். அதில் எத்தனை அரசாணை ஆயிற்று என்று கேட்காதீர்கள். போன வருடம் தணிக்கைக்கு வந்த பையனும் அதைத்தான் கேட்டான், மரியாதை தெரியாதவன்.

ஃபிட்டர் லைன் தண்ணீரை ஆராய்ந்தவர் டாக்டர் வேதவல்லி. நாலு வருடம், வாரம் இரண்டு நாள், விடிகாலையில் தண்ணீர் திறக்கும் நேரத்துக்குச் சந்தில் வந்து நிற்பார். குட்டிக் குட்டி பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போவார். அப்படி ஒரு உழைப்பாளியை நான் பார்த்ததில்லை. அறிக்கை இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஆனால் நேர்மையான மனுஷி என்பதால், கடைசி வரியாக 'மேலும் ஆய்வு தேவை' என்று எழுதிவிட்டார். விஞ்ஞானிகளுக்கு அது கைப்பழக்கம், நாம் கடிதத்தின் கீழே 'இப்படிக்கு' என்று எழுதுவதைப் போல. அதிகாரிகள் அந்த வரியைத்தான் சந்தோஷமாகப் பிடித்துக்கொண்டார்கள். மேலும் ஆய்வு செய்ய உத்தரவு வந்தது. அம்மாவும் செய்தார்.

அந்த அறிக்கையை நான் ஒரு பக்கமாக்கினேன். பிறகு அரைப் பக்கம். பிறகு ஒரு வட்டம், அதில் சிவப்பில் ஒரு துண்டு. சிவப்பு பீதியைக் கிளப்புகிறது என்று சொன்னதால் பச்சை. ஒரு முழுக் கூட்டம் எழுத்தின் அளவைப் பற்றியே நடந்தது. அன்றைக்குத் தீர்மானம்கூடப் போட்டார்கள், இனி எல்லா அறிக்கையும் பதினாலு புள்ளி எழுத்தில் இருக்க வேண்டும் என்று. இன்னொரு கூட்டத்தில் அறிக்கையின் பைண்டிங்கை ஒருவர் தடவிப் பார்த்து, எங்கே செய்தீர்கள் என்று விலாசம் வாங்கிக்கொண்டார். வேதவல்லி அம்மா அன்றைக்குப் படியிறங்கும்போது என்னிடம் சொன்னார்: "நான் தண்ணிய அளக்கறவ, இருதயராஜ். மனுஷாளை அளக்க எனக்குத் தெரியாது. அது உங்க பாடு."

என் பாடு என்று சொல்லிவிட்டார். நான் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பக்கத்து வீட்டு நஸ்ரினைப் பற்றிச் சொல்ல வேண்டும். நர்சரி ஸ்கூலில் டீச்சர். அவளுக்கு ஒரு பெண் குழந்தை, ஒன்பது வயது. போன வருடம் ஜூலையில் அந்தக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்து பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. வீட்டுக்கு வந்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது. அதற்கப்புறம் யார் தண்ணீர் நீட்டினாலும் அந்தக் குழந்தை கொடுப்பவரின் முகத்தைப் பார்க்கும், தம்ளரைப் பார்க்கும், அப்புறம்தான் வாங்கும். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. நஸ்ரின் தினமும் குழாயடியில் என்னைப் பிடித்துக்கொள்வாள். "கைக்கு அண்ணா, எதுக்கு இத்தனை பேப்பர்? இன்னொரு மழை எம் புள்ள தாங்காது. பைப்ப மாத்திக் குடுங்க." அடுத்த மழைக்குள் மாற்றித் தருகிறேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் எல்லாம் ஆரம்பித்தது. இதைத் தயவுசெய்து பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் உட்கார்ந்து யோசித்தேன். வட்டம் வரைந்தாயிற்று, பச்சை அடித்தாயிற்று. ஓர் அதிகாரி ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளும் வழிகள் என்னென்ன? கண் வழி, காது வழி. இரண்டும் பதினாலு வருடமாக அடைத்துக் கிடக்கின்றன. மிச்சமிருப்பது வயிறு. அது ஒன்றுதான் எந்த அந்தஸ்தில் இருப்பவருக்கும் நேரடியாகப் பேசும். ஆய்வின் முடிவை அவர்கள் படிக்க வேண்டாம், உணர்ந்தால் போதும் என்ற முடிவுக்கு நான் வந்தேன். நிதானமாக யோசித்து வந்த முடிவுதான், ஆத்திரத்தில் வந்ததில்லை.

எதையும் முன்னோட்டம் பார்க்காமல் செய்வது என் சுபாவம் இல்லை. ஸ்டெல்லாவின் அண்ணன் செல்லப்பா ஏ.எஸ்.ராவ் நகரில் இருக்கிறார். அங்கே இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் எஞ்சினியர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார், வரும்போது தன் தண்ணீரைத் தானே பாட்டிலில் கொண்டுவருவார். தங்கச்சி வீட்டுத் தண்ணீரைக் குடிக்க மாட்டாராம். எட்டு அடுக்கு ஃபில்டர் வைத்திருக்கிறார், அதைப் பற்றி ஒன்பது முறை சொல்லியிருக்கிறார். ஆனால் மோர் என்றால் மறுக்க மாட்டார். மூன்று ஞாயிறு, மூன்று அளவு. முதல் ஞாயிறு கால் பங்கு குழாய்த் தண்ணீர்: ஒன்றும் இல்லை. இரண்டாவது அரைப் பங்கு: திங்கட்கிழமை ஆபீசுக்குத் தாமதமாகப் போனார். மூன்றாவது முழுக்க முழுக்க: செவ்வாய் புதன் இரண்டு நாள் லீவு. ஸ்டெல்லா வைத்த நெத்திலிக் குழம்புதான் காரணம் என்று அவர் சொல்லிவிட்டார். அவள் அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள், அதற்கப்புறம் நெத்திலியே வாங்குவதில்லை. எனக்கும் நெத்திலி பிடிக்கும் சார். ஆய்வென்றால் வீட்டில் சில நஷ்டங்களைத் தாங்கத்தான் வேண்டும்.

கூட்டம் ஏப்ரல் இருபத்து மூன்று, எங்கள் மையத்தின் மாடி அறையில். குழாய் மாற்றும் விஷயத்தைப் பார்ப்பதற்கென்று போட்ட கமிட்டி. தலைவர் கிருஷ்ணமூர்த்தி சார். அவர் கையெழுத்துப் போட்டால் வேலை தொடங்கிவிடும், வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த மாதம் முப்பதாம் தேதி அவருக்கு ஓய்வு. அவரைத் தவிர ஒன்பது அதிகாரிகள், வேதவல்லி அம்மா, நான். மொத்தம் பன்னிரண்டு பேர்.

வேதவல்லி அம்மாவின் அறிக்கையில் எண்பத்தேழாம் பக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. தண்ணீர் வராத நேரத்தில் சாக்கடை குழாய்க்குள் கசிந்து நிற்குமாம். அதனால் திறந்துவிட்ட முதல் பத்து நிமிடம் வருகிற தண்ணீரில்தான் கிருமி மிக அதிகம். அன்று காலை அந்த முதல் பத்து நிமிடத் தண்ணீரைத்தான் நான் பிடித்தேன். ஒரு விதத்தில் பார்த்தால், அவருடைய ஆய்வை நடைமுறையில் பயன்படுத்திய முதல் ஆள் நான்தான். தயிர் மட்டும் கடைத் தயிர். எஃகு கேனில் ஊற்றி, ஐஸ் போட்டு, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். துளி சிந்தவில்லை.

வேதவல்லி அம்மாவுக்கும் ஏன் கொடுத்தாய் என்று கேட்டீர்கள். அவருக்கு மட்டும் ஒன்றும் ஆகாமல் இருந்தால் சந்தேகம் அவர்மேல் அல்லவா விழும்? அவர் பேரைக் காப்பாற்றத்தான் கொடுத்தேன். நானும் ஒரு தம்ளர் குடித்தேன், எல்லாரும் பார்க்கக் குடித்தேன். நான் குடிக்காததை இன்னொருவருக்குக் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

மோர் பிரமாதம் என்றார்கள். பதினாலு வருடத்தில் அந்த அறையில் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை என்பதால் தேதி நன்றாக நினைவிருக்கிறது. அன்று விளக்கு வைக்கும் நேரத்திலிருந்து வேலை ஆரம்பித்தது. மறுநாள் ஒன்பதரைக்கு நான் அலுவலகத்துக்குப் போனபோது பதினொரு பேரும் லீவு என்று செய்தி வந்திருந்தது. உள்ளுக்குள் எனக்கு ஒரு பூரிப்பு. நூற்றுக்கு நூறு முடிவு ஆய்வுகளில் எளிதில் கிடைக்காது. குடித்த பன்னிரண்டு பேரில் கல்லுக்குண்டாக நான் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருக்கிறேனே என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. பழகின வயிறு செய்த துரோகம் அது. ஒரு நாள் படுத்துக் கிடந்திருந்தால் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். ஆறே நாளில் அரசாணை வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தால் நாலு வருடத்தில் வராத அரசாணை, ஒரு கேன் மோரால் ஆறு நாளில் வந்தது. இதை நீங்கள் மறுக்க முடியாது. ஆணையில் என்ன இருந்தது என்பது வேறு விஷயம். இனி எல்லாக் கூட்ட அறைகளிலும் சீல் வைத்த பாட்டில் தண்ணீர் மட்டுமே வைக்க வேண்டும், வெளியிலிருந்து மோர், லஸ்ஸி முதலானவற்றுக்குத் தடை, என்று இருந்தது. ஃபிட்டர் லைன் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர்தான் காரணம் என்பது வரைக்கும் சரியாகப் பிடித்துவிட்டார்கள், யாருடைய தண்ணீர் என்பதில்தான் கொஞ்சம் தவறிப் போயிற்று. ஆய்விலிருந்து கொள்கைக்குப் போகும் வழியில் இப்படிச் சின்னச் சின்னச் சேதாரம் ஏற்படுவது சகஜம்.

வேதவல்லி அம்மா மூன்று நாள் படுக்கையில் கிடந்தார். நாலாம் நாள் தள்ளாடிக்கொண்டு மையத்துக்கு வந்தவர், கழுவாமல் கிடந்த என் கேனைப் பார்த்திருக்கிறார். அவருக்குத்தான் எதைப் பார்த்தாலும் பாட்டிலில் பிடிக்கிற பழக்கமாயிற்றே. அடியில் கிடந்ததை வழித்துக்கொண்டு போய்ச் சோதித்தார். ஃபிட்டர் லைன் முதல் பத்து நிமிடத் தண்ணீரில் இருக்கிற அதே கிருமிகள், அதே கலவை. ஒரு பக்கத்தில் அறிக்கை எழுதினார். மேலும் ஆய்வு தேவை என்று இந்த முறை எழுதவில்லை. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் நீங்கள் என் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள். அவருடைய ஆய்வு முடிவின் மேல் அரசாங்கம் நடவடிக்கை எடுத்தது அதுவே முதல்முறை. அவர் ஸ்டேஷனுக்கு வந்து என்னைப் பார்த்தபோது கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. "எம்பத்தேழாம் பக்கம் வரைக்கும் படிச்சிருக்கீங்க" என்று மட்டும் சொன்னார். நான் நன்றி சொன்னேன். அவர் அதற்குள் எழுந்து போய்விட்டார்.

குழாய் என்ன ஆயிற்று என்கிறீர்களா? கிருஷ்ணமூர்த்தி சார்தான் மற்ற எல்லாரையும்விட மோசமாகப் படுத்துவிட்டார். சர்க்கரைக்காரர், உடம்பில் நீர் வற்றி ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. முப்பதாம் தேதி ஆபீஸ் ஆட்கள் வார்டுக்கே போய்ச் சால்வை போர்த்தினார்களாம், கையில் டிரிப்ஸ் ஊசியோடு வாங்கிக்கொண்டாராம். இப்போது குணமாகி வீட்டில் இருக்கிறார். அவர் இடத்துக்கு வந்தவர் புதுசு. குழாய்க் கோப்பைத் திறந்து பார்த்து, 'மேலும் ஆய்வு தேவை என்று ஆய்வாளரே கூறியிருப்பதால்' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். ஜூன் வந்தது, மழையும் வந்தது. நஸ்ரினின் குழந்தை முந்தாநாள் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று என்று ஸ்டெல்லா நேற்று ஜெயிலில் என்னைப் பார்க்க வந்தபோது சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

ஆக, நான் செய்தது ஒரு நல்ல காரியத்துக்காக, வழி மட்டும் கொஞ்சம் கோணல். இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். நீங்கள்தான் விடாமல் அந்தக் கணக்கைக் கேட்கிறீர்கள். பன்னிரண்டு பேர், குப்பைக் கூடையில் மோர் ஒட்டிய காகிதத் தம்ளர் பதின்மூன்று. வராந்தாவில் இருக்கும் கேமராவில் நானும் கிருஷ்ணமூர்த்தி சாரும் மோர் கொடுப்பதற்கு முன்னால் நாலு நிமிடம் தனியாகப் பேசுவதும் இருக்கிறதாம். சரி, அதையும் சொல்கிறேன். வெளியே மழைச் சத்தத்தில் உங்கள் எழுத்தருக்குச் சரியாகக் கேட்கிறதா?

அவர் என்னை வராந்தா ஜன்னலோரமாகக் கூப்பிட்டார். சிகந்திராபாத்திலேயே பிறந்த தமிழர் அவர், தமிழும் இந்த ஊர்ப் பேச்சும் கலந்துதான் பேசுவார். "கூட்டத்துல சொன்னா நூறு கேள்வி வரும் பா. அதான் தனியா சொல்றேன். நாளைக்குக் காலைல மொத கையெழுத்து ஒங்க பைப்புதான்" என்றார். என் ஒரு பக்கக் குறிப்பு உதவியாக இருந்ததா சார் என்று கேட்டேன். எந்தக் குறிப்பு என்றார். பச்சை வட்டம் போட்டது என்றேன்.

"நக்கோ பா, அதெல்லாம் நான் பாக்கல. அந்தம்மா எழுதுனத மூணு ஞாயித்துக்கெழம ஒக்காந்து முழுசா படிச்சேன். அவ்ளோ தெளிவா இருக்கு. நடுவுல வேற என்னத்துக்கு?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கெட்ட எண்ணமே இல்லாத மனிதர். நான் உள்ளே வந்தேன். ஜன்னலிலிருந்து கேன் இருந்த மேஜைக்கு இருபது அடி இருக்கும். மெதுவாகத்தான் நடந்தேன், யோசிக்க நேரம் இருந்தது. கேனைத் தட்டிவிட்டால் போதும். கை பட்டுக் கொட்டிவிட்டது என்றால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள், பியூன் துடைத்திருப்பான். மறுநாள் காலை கையெழுத்து, மே மாதம் குழாய், ஜூனில் அந்தக் குழந்தை நல்ல தண்ணீர் குடித்திருக்கும்.

ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள், யூசுப் சார். ஓர் அம்மாள் எழுதியதை ஓர் அதிகாரி நேராகப் படித்து நேராகக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அந்தப் பலகையில் வரைந்திருக்கிற பாலத்தின் மேல் யார் நடப்பது? முன்னூற்றுச் சொச்சம் ஒரு பக்கத்தையும் நான் யாருக்காக எழுதினேன்? குழாய் வரட்டும், வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வழியாக வர வேண்டும் என்றுதான் நினைத்தேன். அது ஒரு பேராசையா?

முதல் தம்ளரை அவருக்குத்தான் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, போதும் பா என்று தம்ளர் வாயைக் கையால் மூடினார். வெயில் அதிகம் சார், இன்னும் கொஞ்சம் குடிங்க என்று சொல்லி, புதுத் தம்ளர் எடுத்து நிறைய ஊற்றிக் கையில் கொடுத்தேன்.